அயராப் பட்டை

சாரதாமணிக்குக் களைப்பு நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கால் வலித்தது, தொடை எரிந்தது, வெயிலில் நாக்கு வறண்டது. அதெல்லாம் முன்பு போலத்தான். ஆனால் அவற்றுக்குப் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்து உட்கார வைக்குமே ஒன்று, அது மட்டும் வருவதில்லை. தாராபுரத்திலிருந்து பல்லடம் வரை ஆடிக் காற்றுக்கு எதிரே மிதித்துவிட்டு வீட்டுக்கு வருவாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியைப் பெருக்கப் போய்விடுவாள். பெருக்கி முடித்தால் தண்ணீர்த் தொட்டியைக் கழுவலாமா என்று தோன்றும். கழுவி முடித்தால் அடுத்து என்ன என்று கை பரபரக்கும்.

அவள் கணவர் தனபால் லேத் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் சமையல். சாப்பிட உட்கார்ந்தவள் இரண்டு வாயிலேயே எழுந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடப் போவதைப் பார்த்து, ஒரு தரம் அவர் கேட்டுவிட்டார், உட்கார்ந்தால் என்ன குறைந்துபோகும் என்று. உட்கார வேண்டும் என்று தோன்றவில்லையே என்றாள். பொய்யில்லை.

எல்லாம் அந்த ஆயிரத்து இருநூறுக்காகத்தான். கோயம்புத்தூரில் கிளம்பி மதுரை, ராமேஸ்வரம், அப்புறம் கடலோரமாகவே திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்பவும் கோயம்புத்தூர். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரை நான்கு நாளுக்குள் முடிக்க வேண்டும். தூங்குவது, தின்பது, டயர் பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அந்த நான்கு நாளில் அடக்கம். பரிசு கிடையாது. முடித்தவர்கள் முடித்தவர்கள், அவ்வளவுதான். போன வருடம் சாரதாமணி முடிக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில், சாயல்குடி தாண்டி ஒரு கருவேல மரத்தடியில் ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. அடிபடவில்லை, காய்ச்சலில்லை. வெறும் களைப்பு. அமைப்பாளர்களின் வேனில் சைக்கிளோடு சேர்த்து அவளையும் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் களைப்பின் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் அடங்கவே இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் உற்பத்தித் திட்ட மேலாளர். எந்தத் தையல் லைனில் எத்தனை பீஸ், எந்த நாளில் எந்தக் கண்டெய்னர் என்பதெல்லாம் அவள் கையில். கம்பெனி முதலாளி சென்னியப்பன்தான் அவளுக்கு, களைப்புத் தெரியாமல் இருக்கக் கழுத்தில் கட்டும் பட்டை ஒன்றைப் பற்றிச் சொன்னவர். கோயம்புத்தூரில் ஆராய்ச்சி நடக்கிறது, தானும் கொஞ்சம் முதல் போட்டிருக்கிறேன், நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சிலர் வேண்டுமாம், போய்ப் பாருங்கள் என்றார்.

போனாள். டாக்டர் ஆரோக்கியசாமி மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். விரலகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"களைப்பு காலுல இருக்கறதில்லைங்க," என்றார். "காலுல பாதி பலம் மிச்சமிருக்கும்போதே மூளை பயந்துக்கிட்டு, போதும் நில்லுன்னு ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதியத்தான் நாம களைப்புங்கறோம். இந்தப் பட்டை அதைக் கழுத்துக்கிட்டயே மறிச்சிரும். பலத்தக் கூட்டாது. பயத்தக் கொறைக்கும்."

"அப்ப எப்ப நிக்கோணும்னு எப்படீங்க தெரியும்?"

"நாடியப் பாத்து போன் சொல்லும். பச்சை இருந்தாப் போலாம். சிவப்பு வந்தா நின்றுங்க."

பிடரியில் பட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வாரக் கடைசியிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஊத்துக்குளிச் சாலையின் மேட்டில் வழக்கமாக மூச்சு வாங்கி நிற்கும் இடம் வந்தது. நிற்கத் தோன்றவில்லை. போனில் பச்சை. மேடு பின்னால் போய்விட்டது. அன்றைக்கு வீடு வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கம்பெனியிலும் அவள் நடை வேகமாகிவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலம் தேநீர் நேரத்துக்குச் சற்று முன்னால் லைன்களுக்கு நடுவே ஒரு சுற்று வருவாள். தலைகள் கவிழ்ந்து, தையல் கோணத் தொடங்கியிருந்தால், மணியடிக்கும் முன்பே பீஸ்கள் நகரும் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பாள். அதைச் செய்ய வேண்டாம் என்று அவள் முடிவெடுக்கவில்லை. செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான். டார்கெட் ஏறியது. ஏறியதும் எட்டப்பட்டது. எட்டப்பட்டதும் மறுபடி ஏறியது.

ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கும் பாப்பாத்தி ஒரு நாள் அவள் அறைக்கு வந்து நின்றாள். ஐம்பதை நெருங்கும் பெண், அதிகம் பேசமாட்டாள். இன்றைக்கு ஓவர்டைம் வேண்டாம், போகவா என்று கேட்டாள். சாரதாமணி நிமிர்ந்து பார்த்து, காய்ச்சலா என்று விசாரித்தாள். இல்லை. வீட்டில் யாருக்காவது முடியவில்லையா? அதுவும் இல்லை.

"அசதியா இருக்குதுங், மேடம்," என்றாள் பாப்பாத்தி.

அந்தச் சொல் சாரதாமணியின் காதில் விழுந்தது. உள்ளே எங்கும் போய்ச் சேரவில்லை. இந்த லாட் துணியை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பாப்பாத்தி லைனுக்குத் திரும்பினாள்.

இதையெல்லாம் சென்னியப்பன் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். வெளிநாடுகளில் மனிதரே இல்லாத தையல் லைன்கள் ஓடுகின்றன, நம் சாலையில் டிரைவர் இல்லாத லாரிகள் ஓய்வில்லாமல் போகின்றன, அதற்கெல்லாம் ஈடுகொடுத்து இந்த ஊர் நிற்க வேண்டுமானால் நம் ஆட்களுக்கும் ஏதாவது வழி வேண்டும் என்றார். நீங்கள் பட்டையோடு ஆயிரத்து இருநூறை முடித்துவிட்டு வாருங்கள்; கிளம்புவதற்கு முந்தின நாள் கேன்டீனில் ஒரு கூட்டம் போட்டு உங்களை வழியனுப்புவோம்; அங்கேயே எல்லோருக்கும் பட்டை கொடுத்துவிடலாம்; நீங்கள் இரண்டு வார்த்தை சொன்னால் பெண்கள் நம்புவார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக அவளுக்குப் படவில்லை. நல்ல யோசனையாகவே தோன்றியது. சரி என்றாள்.

அவளோடு பயிற்சிக்கு வருபவள் பெனாசிர். வங்கியில் வேலை, சாரதாமணியைவிடப் பத்து வயது இளையவள், போன வருடம் அந்த ஆயிரத்து இருநூறை முடித்தவள். பட்டை கட்டவில்லை. தனக்கு அது சரிப்படாது என்று சொல்லிவிட்டாள்.

ஆடி பாதியில் இருவரும் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மிதித்தார்கள். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த வழி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று முகத்தில் அறையும். இருபுறமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு முன்பே காலையிலிருந்து பழனி வரை போய்த் திரும்பியிருந்தார்கள். சாரதாமணி முன்னால் போனாள். பெனாசிர் காற்றுக்கு மறைவாக அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள்.

அடுத்த டீக்கடையில் நிறுத்தலாமா என்று பெனாசிர் கேட்டாள். சாரதாமணி போனைப் பார்த்தாள், பச்சை. பொள்ளாச்சி போய்விடலாம் என்றாள். டீக்கடை போய்விட்டது.

கோமங்கலம் வருவதற்கு முன்னால் இன்னொரு தரம் குரல் வந்தது. "அக்கா, என்னால முடியல."

"இப்பக் காத்து கொறையும் கண்ணு. பின்னாடியே வா."

காற்று குறையவில்லை. சற்றுத் தூரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பெனாசிரின் சைக்கிள் சிறு பாலத்தின் கட்டைச்சுவரில் மோதிக் கிடந்தது. அவள் மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தாள். மிதித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியிருக்கிறது. காரை எலும்பு முறிந்து தோலுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. சாரதாமணி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க, ஹேண்டில்பாரில் போன் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்து டாக்டர் ஆரோக்கியசாமி கூப்பிட்டனுப்பினார். அவள் கம்பெனி வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். வழியில் பேருந்தில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள். உள்ளே நுழைந்ததும் அவளே பேசத் தொடங்கிவிட்டாள். பட்டையால்தான் இது நடந்தது. தன் களைப்பு தனக்குத் தெரியாததால் அடுத்தவர் களைப்பும் தெரியாமல் போய்விட்டது. நம் உடம்பில் உணர்ந்ததை வைத்துத்தானே அடுத்தவரைப் பார்க்கிறோம். தங்கை போன்றவள் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னபோதும் உறைக்கவில்லை. தொழிலாளிப் பெண்களுக்குக் கொடுக்கும் முன் இதை நீங்கள் எழுதி வைக்க வேண்டும் என்றாள்.

டாக்டர், அவள் முடித்ததும் பட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். ஒரு சின்னக் கத்தியால் அதன் ஓரத்தைப் பிளந்து விரித்து அவள் பக்கம் தள்ளினார். மெல்லிய பேட்டரி ஒன்று, பொட்டுப் போல ஒரு சில்லு.

"இந்தச் சில்லு நாடிய எண்ணுறது. இன்னொண்ணு இருக்கோணும், அந்தச் சேதிய மறிக்கறது. இதுல அது இல்லைங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"எந்த ஆராய்ச்சியிலயும் பாதிப் பேருக்கு வேலை செய்யாத ஒண்ணக் குடுப்போம்ங்க, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. விபத்துன்னு ஆனா மட்டும் அந்தக் கணக்கத் தெறந்து பாக்கலாம். நேத்துத்தான் பாத்தேன். உங்களது வெறும் பட்டைங்க."

ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று அவர் இப்படி ஏதோ சொன்ன ஞாபகம் மங்கலாக வந்தது. அது வேறு யாருக்கோ என்று அன்று நினைத்திருந்தாள்.

"அப்ப என்ற களைப்பு எங்கீங்க போச்சு?"

"எங்கயும் போகலைங்க. அங்கயேதான் இருந்துச்சு. இல்லைன்னு நீங்க நம்புனீங்க."

"போன் பச்சை காட்டுச்சுங்களே."

"அது உங்க நாடிங்க. அந்தப் பொண்ணோடது இல்லை."

இன்னொன்றையும் அவர் சொன்னார், சொல்லலாமா என்று யோசித்த பிறகு. விபத்துக்குப் பிறகு எல்லாப் பட்டைகளின் கணக்கையும் திறந்து பார்த்தாயிற்று. மறிக்கும் சில்லு இருந்த பட்டைக்கும் இல்லாத பட்டைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு கூட்டத்தாருமே களைக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கூட்டத்திலும் சிலருக்கு உடம்பு கெட்டிருக்கிறது.

திரும்பும் பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. திருப்பூர் வந்தபோது எழ முடியவில்லை.  இறங்கவில்லையா என்று நடத்துனர் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் தனபாலுக்குப் போன் செய்தாள். அவர் வந்து கைத்தாங்கலாக இறக்கி ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். அன்று தூங்கினாள், மறுநாளும் தூங்கினாள். இடையே விழித்தபோது அவர் அடுப்படியில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். பட்டறையில் ஆள் நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது, இரண்டு ஆள் வேலையையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். முன்பே சொன்னேனே என்றும் சொன்னார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. அதனால்தான் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெனாசிரைப் பார்க்கப் போனபோது கையில் தூளிக்கட்டுடன் சோபாவில் சாய்ந்திருந்தாள். சாரதாமணி எதையும் மறைக்காமல் சொன்னாள். பெனாசிர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு தடவ சொன்னேங்கா," என்றாள். "உங்களுக்குக் கேக்கலையேன்னு நெனச்சப்பல்லாம், பாவம் அக்கா என்ன பண்ணுவாங்க, பட்டையால வந்ததுன்னு சொல்லி மனச ஆத்திக்கிட்டேன். இப்ப அதுவும் இல்லாமப் போச்சு."

 பெனாசிரின் அம்மா கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. கிளம்பும்போது பெனாசிர் மறுபடி வாருங்கள் என்றோ வர வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

பயணத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு காலை, டாக்டரிடமிருந்து கையோடு கொண்டுவந்திருந்த வெறும் பட்டையை மறுபடி ஒட்டி மூடி, பிடரியில் கட்டிக்கொண்டு சாரதாமணி சைக்கிளை எடுத்தாள். தெரிந்த பின்னாலும் வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும் என்ற அரிப்பு அவளைவிட்டுப் போகவில்லை. செய்தால் நல்லது என்றுகூட ஒரு மூலையில் ஆசை இருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாமல் தனியாகப் போய் முடித்துவிட்டு வந்துவிடலாம். ஊத்துக்குளிச் சாலை மேட்டில் பாதி ஏறியதும் களைப்பு வந்து நின்றது. முன்பெல்லாம் நிற்கும் அதே இடம் வரைகூட விடவில்லை. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்படியானால் பட்டையின் வேலையைக் கெடுப்பதற்கு உண்மையைச் சொன்னால் போதும் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

கம்பெனிக்குப் போய்ச் சென்னியப்பனிடம் சொன்னாள். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. முதல் போட்டவர் அல்லவா, டாக்டர் அவருக்கும் சொல்லியிருந்தார். அவர் கலங்கவில்லை, கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தார்.

"நல்லதாப் போச்சுங்க, மேடம். மறிக்கற சில்லே வேண்டாம். கழுத்துல கரண்டு கிரண்டுன்னு யாரும் பயப்படவும் வேண்டாம். யாருக்கும் ஒரு கெடுதியும் பண்ணாத வெறும் பட்டை. நம்புனாப் போதும். அவங்க நம்பறதுக்கு நீங்க நாலு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் பெனாசிரைச் சொன்னாள். அதற்காக அவர் வருத்தப்பட்டார், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். தையல் மிஷினிலிருந்து யாரும் பாலத்தில் போய் மோதப் போவதில்லை என்றும் சொன்னார். இரண்டு லைன்கள் மூடும் நிலையில் இருப்பதை நினைவுபடுத்தினார். அது உண்மை. கணக்கு அவளுக்கும் தெரியும். தான் பட்டைக்காகப் பேசாமல் போனால் அந்த இரண்டு லைன் பெண்களும் வேறு வேலை தேட வேண்டி வரலாம். பேசினால் எல்லா லைன் பெண்களும் பாப்பாத்தியைப் போல அசதியோடு வந்து நிற்பார்கள், அதைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் அவள் சைக்கிள் கியரைக் கழற்றினாள், மாட்டினாள். பையில் அடைத்த பொருள்களை எடுத்து வெளியே வைத்துத் திரும்ப அடைத்தாள். தனபால், உனக்கு எது படுகிறதோ செய், வேலை போனாலும் பட்டறை இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் ஷிப்டு முடிந்ததும் கேன்டீனில் நடந்தது. பெண்கள் நீண்ட பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சிறு மேடையில் போட்ட மேசைமேல் பட்டைகள் நிறைந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. சென்னியப்பன் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார், கைதட்டினார்கள். நாளைக்கு இந்நேரம் மேடம் மதுரையைத் தாண்டியிருப்பார் என்றார். மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

 சாரதாமணி எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தான் கட்டியிருந்தது வெறும் பட்டை என்றாள். இந்தப் பெட்டிகளில் இருப்பதும் அதுதான். ஒன்றையும் மறிக்காது. களைப்பு இல்லை என்று தான் நம்பியதால், தன் கூட வந்த பெண் முடியவில்லை என்று சொன்னதைக் கேட்கவில்லை, அவள் எலும்பு முறிந்து கிடக்கிறாள். இந்த லைன்களில் டார்கெட்டை ஏற்றியதும் தான்தான். அதன் பழியைப் பட்டையின் மேல் போடலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழி இல்லை என்றாள். நாளைக்குப் போகிறேன், பட்டை இல்லாமல். முடிப்பேனா என்று தெரியாது.

மைக்கை மேசைமேல் வைத்தாள். சென்னியப்பன் வழியனுப்பக் கையில் எடுத்திருந்த, தேங்காயும் பழமும் வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.   நடுவில் ஒரு பெஞ்சிலிருந்து பாப்பாத்தி எழுந்தாள்.

"அப்ப எங்களுக்கு வர்றது நெசமான அசதிதானுங்களா, மேடம்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. பல நாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைப் போலக் கேட்டாள்.

"நெசந்தானுங்க," என்றாள் சாரதாமணி.

பாப்பாத்தி தலையை ஆட்டினாள். மேடையோரம் நின்றிருந்த சாரதாமணியைக் காலிலிருந்து தலை வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அந்த பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நகர்ந்து ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.

சாரதாமணி இறங்கிப் போய் அங்கே உட்கார்ந்தாள்.